குன்னூரில் ஒரு சோழநாடு

என் இடது முழங்காலுக்காகத்தான் அந்த வண்டியை வாங்கினேன். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏற 14 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் கிளட்சை மிதித்து, விட்டு, மறுபடி மிதித்து, 30 வருஷத்தில் மூட்டு தேய்ந்துவிட்டது. எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “கிளட்ச் பிளேட் போயிடுச்சே” என்றார். அவர் வீட்டிலும் ஒரு பழைய ஜீப் இருந்திருக்க வேண்டும்.

எனக்கு இருப்பது இரண்டு ஏக்கர் தேயிலை. பறித்த இலையைச் சாயங்காலத்துக்குள் ஃபேக்டரியில் கொண்டுபோய்ச் சேர்க்காவிட்டால் சாக்குக்குள்ளேயே சூடேறிச் சிவந்துவிடும். ஆகவே வண்டி வேண்டும், கிளட்ச் கூடாது. கோவையில் தேடிப் பிடித்தேன். ஜப்பான்காரன் மூளை, ஆறு கியர், ஆட்டோமேட்டிக் பிக்கப், இரண்டாம் கை. “கியர் ஆயிலை ஆயுசுக்கும் மாத்த வேண்டியதில்ல சார்” என்றார் தரகர். யாருடைய ஆயுசு என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

எங்கள் பக்கம் பிக்கப் என்றால் பொலேரோ, இல்லையென்றால் குட்டி யானை. இரண்டிலும் கியர் ராடு சாமி கையிலிருக்கிற வேல் மாதிரி நட்டுக்கொண்டு நிற்கும். இலை எடை போடும் வரிசையில் என் வண்டி நின்றால் பையன்கள் உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். “மாமா, சும்மா இருக்கற காலுக்கும் சம்பளம் உண்டா?” என்பான் ஒருத்தன். பக்கத்து ஹட்டிப் பெரியவர் ஒருவர்தான் உண்மையாகவே கவலைப்பட்டார். “மூக்கணாங்கயிறு இல்லாத மாட்டை மலையேத்தறயே, தம்பி.”

அவரிடம் நான் பாடம் நடத்தினேன். இறக்கத்தில் வண்டியை ‘டி’யில் விட்டுவிட்டுச் சும்மா வந்தால் அது தன் இஷ்டத்துக்கு மேல் கியருக்குத் தாவும், பிரேக் மட்டும்தான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை பர்லியாரில் ஒரு கருகல் வாசனை வருமே, மங்குஸ்தான் விற்கிற இடத்தில் டயர் பக்கம் கையை நீட்டி விசிறிக்கொண்டு நாலு பேர் நிற்பார்களே, அவர்களெல்லாம் அப்படி வந்தவர்கள்தான். லீவரைப் பக்கவாட்டில் தள்ளி இரண்டாவது கியரில் பிடித்து இறக்கினால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். இப்படியெல்லாம் சொன்னேன். பெரியவர் தலையாட்டினார். நம்பினார் என்று சொல்ல முடியாது.

வினை ஏற்றத்தில் வந்தது. பத்து மூட்டை உரத்தோடு மேட்டுப்பாளையத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். பர்லியார் தாண்டி, ஒன்பதாவது வளைவு. சாதாரணமாக அந்த இடத்தில் வண்டி தானாகவே ஒன்றுக்கு இறங்கி உறுமும். அன்றைக்கு உறுமவில்லை, முனகியது. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. மூன்றாவது கியரில் உட்கார்ந்துகொண்டு, எழுந்திருக்க மாட்டேன் என்றது. பின்னால் அரசுப் பேருந்து. அந்த ஓட்டுநர் ஹாரனில் சொன்ன விஷயங்களை எழுத முடியாது.

ஓரங்கட்டி, சாவியைத் திருகி அணைத்து, மறுபடி போட்டேன். ஒழுங்காகக் கிளம்பியது. இரண்டு வளைவு கழிந்ததும் மறுபடி மூன்றாவது. மறுபடி ஓரம், மறுபடி சாவி. 2024 மே 7 முதல் வெளியூர் வண்டி மலையேற இ-பாஸ் வேண்டும். 43ஆம் நம்பர் உள்ளூர் வண்டிக்கு விலக்கு உண்டு. என்னுடையது கோவை நம்பர். அதாவது என் வீட்டுக்குப் போகும் வழியில் நானே டூரிஸ்ட். இரண்டு வளைவுக்கு ஒருதரம் நின்று பள்ளத்தாக்கை வெறித்துப் பார்க்கிறவனை வேறு என்னவென்று நினைப்பார்கள்? ஒரு பெங்களூர்க் குடும்பம் போனை என் கையில் கொடுத்துப் படம் எடுத்துத் தரச் சொன்னது. எடுத்துக் கொடுத்தேன். அதற்குள் ஆயில் கொஞ்சம் ஆறியிருந்ததால் அடுத்து மூன்று வளைவு ஓடியது.

மச்சானுக்குப் போன் போட்டேன். “ரிவர்ஸ்ல ஏத்திப் பாருங்க” என்றார். சிரிக்காதீர்கள். அந்தக் காலத்து ஃபோர்டு மாடல் டி காரைச் செங்குத்தான மேட்டில் பின்பக்கமாகத்தான் ஏற்றினார்கள். அதில் ரிவர்ஸ் கியருக்குத்தான் இழுவை அதிகம். பெட்ரோலும் தொட்டியிலிருந்து தானாக வழிந்து இறங்கினால்தான் உண்டு. மச்சானுக்கு இதெல்லாம் தெரியாது. குருட்டாம்போக்கில் சரித்திரத்தைத் தொட்டுவிட்டார். காட்டுக்குள் எங்கேயோ மலை ரயில் கூவியது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை பன்னிரண்டடிக்கு ஓரடி ஏற்றம். 1899லிருந்து அது தண்டவாளத்தின் நடுவே பல்சக்கரத்தைப் பதித்து, பல்லைக் கடித்துக்கொண்டே ஏறுகிறது. அதற்கு மூளை கிடையாது. அதனால் மூளைக் கோளாறும் கிடையாது.

குன்னூரில் என் மேஸ்திரி ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் அப்பா இலங்கையில், நுவரெலியா பக்கம், எஸ்டேட் லாரி பார்த்தவர். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறி, இந்த மலைக்கு வந்து சேர்ந்தவர். ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜினிலும் கைப்பிடியைக் காதிலும் வைத்து நோய் சொல்லும் வித்தை அந்த வீட்டின் சொத்து. என் வண்டிக்கும் வைத்துப் பார்த்தார். பெட்ஃபோர்டு வரை ஒரு சுற்று ஓட்டினார். வெண்ணெய் மாதிரிப் போனது.

“வண்டிக்கு ஒண்ணுமில்ல சார்.”

நாலு தடவை இப்படி நடந்தது. மலையேறி வந்தவுடனே கடையில் கூட்டமாக இருக்கும். என் முறை வருவதற்குள் குன்னூர்க் குளிரில் ஆயில் ஆறிவிடும். பல் டாக்டர் வாசலில் நிற்கிற பல்வலி மாதிரி வண்டி சாதுவாகிவிடும். ஐந்தாவது தடவை மேஸ்திரி வண்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். வீட்டில் எல்லாம் சௌக்கியமா என்று விசாரித்தார்.

வேறு வழியில்லாமல் சமவெளியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குப் போனேன். கம்ப்யூட்டரைச் சொருகினார்கள். ‘பி 0753’ என்று வந்தது. ஷிஃப்ட் சொலினாய்டு ஏ, மின்சுற்றுக் கோளாறு. “கியர் பாக்ஸ் அசெம்ப்ளியையே மாத்திடலாம் சார், ஒண்ணே முக்கால் லட்சம் ஆகும்” என்று சொல்லி, காபி கொடுத்தார்கள். பாதிக் காபியோடு எழுந்து வந்துவிட்டேன்.

மேஸ்திரியிடம் வந்து சொன்னேன். “சொலினாய்டாம்.”

“எந்த நாடு?”

“சொலினாய்டு.”

“ஓ, சோழநாடு! செல்ஃப் மோட்டார் மேல உக்காந்திருக்குமே, அதுதானே?”

கடைப் பையன் சுவரில் சாக்பீஸால் எழுதிவிட்டான்: ‘பிக்கப் – சோழநாடு ஏ’. நீல மலையைப் பிடித்ததாகக் கல்வெட்டில் பெருமை அடித்துக்கொண்டவர்கள் ஹொய்சளர்கள். 1117இல், விஷ்ணுவர்த்தனனின் தளபதி தோதவர்களை மிரட்டியதோடு சரி. சோழர்கள் இந்த மலைமேல் குடியேறியது எனக்குத் தெரிந்து அந்தச் சுவரில்தான்.

சங்கதி இதுதான். ஆட்டோமேட்டிக் பெட்டிக்குள் கியரை மாற்றும் கை, ஆயில். ஆயில் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று வாய்க்கால் மடையைத் திறந்து மூடுகிற மடையன்தான் சொலினாய்டு. (மடையன் என்பது ஒரு காலத்தில் மரியாதையான உத்தியோகம்.) பார்க்கக் கட்டைவிரல் அளவு. செம்புக் கம்பிச் சுருள், நடுவே ஓர் இரும்பு முளை, ஒரு ஸ்பிரிங். கம்ப்யூட்டர் மின்சாரம் அனுப்பினால் முளை நகரும். நிறுத்தினால் ஸ்பிரிங் திருப்பித் தள்ளும். வீட்டு வாசலில் டிங்-டாங் என்று அடிக்கிற பெல்லுக்குள்ளும் இதே சாமான்தான்: அமுக்கினால் டிங், விட்டால் டாங். எங்கள் வீட்டு பெல் 19 வருஷமாக அடிக்கிறது. அதைக் கொதிக்கிற எண்ணெயில் யாரும் முக்கி வைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

“பெல்லு ரிப்பேர்னு முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே” என்றபடி மேஸ்திரி வண்டிக்கு அடியில் போனார்.

வடிந்த ஆயிலைப் பார்த்து இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. ரூஹ் அஃப்ஸா நிறத்தில் இருக்க வேண்டியது, அடிப்பிடித்த டிகாஷனாக இறங்கியது. ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம் என்றவரை நினைத்துக்கொண்டேன். ஆயில் தொட்டியின் அடியில் இரும்புத்தூளைப் பிடிக்கிற காந்தங்கள். அவற்றின்மேல் குழைத்த விபூதி மாதிரி சாம்பல் பூச்சு. மேஸ்திரி அதை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்து, வெளிச்சத்தில் பார்த்தார். “பொடியாத்தான் இருக்கு. சில்லு வந்திருந்தா அந்தக் கண்ணாடிக் கடைக்காரன் சொன்னதே சரி. தப்பிச்சீங்க.” வர்க்கிப் பெட்டி அட்டையில் தொட்டியின் படத்தை வரைந்து, எந்த போல்ட் எந்த ஓட்டையோ அந்த இடத்திலேயே குத்தி நிறுத்திக்கொண்டே வந்தான் பையன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம். மாற்றிப் போட்டால் அடுத்த கதை ஆரம்பமாகிவிடும். அட்டையைப் பார்த்தால் ஊசி போட்ட தேங்காய் பர்பி மாதிரி இருந்தது.

வடிகட்டியைக் கழற்றியதும் வால்வ் பாடி தெரிந்தது. கறையான் புற்றைக் குறுக்கே வெட்டினால் தெரியுமே, அப்படி வளைந்து வளைந்து போகிற வழிகள். அதன் ஓரத்தில் வரிசையாகச் சொலினாய்டுகள், தலைக்கு ஒரே ஒரு பத்து நம்பர் போல்ட்டில். ‘ஏ’வைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்தோம். 11 முதல் 15 ஓம் வரை இருக்க வேண்டும். 13 காட்டியது. நல்ல பிள்ளை.

“அங்கயும் ஏமாத்திட்டாங்களா சார்?”

சூட்டில்தானே அடம் பிடிக்கிறது, சூடாக்கிப் பார்ப்போம் என்றேன். எதிரில் டீக்கடை. பாய்லரில் வெந்நீர் இருக்கிறது. ஆனால் சுருளில் தண்ணீர் படக்கூடாது. ஒரு பிளாஸ்டிக் கவர் கிடைத்தால் போதும். நீலகிரியில் பிளாஸ்டிக் கவர் கேட்பது, சாராயம் கேட்பது மாதிரி. கடைக்காரர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கழுவிய ஆவின் பால் பாக்கெட் ஒன்றைக் கொடுத்தார். அதற்குள் சொலினாய்டைப் போட்டு, வயரை வெளியே விட்டு, வாயை நூலால் கட்டி, பார்சல் டீ மாதிரி வெந்நீர்ச் சொம்புக்குள் தொங்கவிட்டோம். குன்னூர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். 100க்கு ஏறவே ஏறாது. இங்கே பருப்பு வேகத் தாமதமாவது அதனால்தான். எங்களுக்கு 94 போதும் என்று பட்டது.

டீ குடிக்க வந்தவர்களெல்லாம் சுற்றி நின்றார்கள். 13. கொஞ்சம் பொறுத்து 14. செம்பு சூடானால் தடை ஏறும், அது இயற்கை. 15. 16. “டிகாஷன் இறங்குதா?” என்றார் கடைக்காரர். சட்டென்று எண்கள் மறைந்து, இடது மூலையில் ஒற்றை ‘1’ மட்டும் நின்றது. சுற்று அறுந்துவிட்டது. சுருளுக்குள் எங்கேயோ மயிரிழை விரிசல். குளிரில் ஒட்டிக்கொள்ளும், சூட்டில் விலகும். மேஸ்திரி பாக்கெட்டை வெளியே எடுத்து ஊதினார். 14. மறுபடி முக்கினார். 1. மூன்றாவது தடவை முக்கியபோது யாரோ கைதட்டினார்கள்.

ஐந்து வாரமாக என்மேல் விழுந்திருந்த சந்தேகம் அந்தச் சொம்பில் தீர்ந்தது. அன்றைக்குக் கடையில் எல்லாருக்கும் டீ என் கணக்கு.

புதுச் சொலினாய்டு கோவையிலிருந்து பஸ்ஸில் வந்தது. நாலாயிரத்துச் சொச்சம். சென்னை புதுப்பேட்டையில் பழசு மலிவாகக் கிடைக்கும் என்றார் மேஸ்திரி. ஆயுசு விஷயத்தில் ஏற்கெனவே பட்டவன், வேண்டாம் என்றேன். “சேர நாடும் பாண்டிய நாடும் அதே எண்ணெயில்தானே வெந்திருக்கு, மூணையும் சேத்து மாத்திடலாமா?” என்று கேட்டார். கணக்குப் போட்டேன். சோழநாடு மட்டும் போதும் என்றேன்.

ஆயில் ஊற்றுவதுதான் அதிசயம். அளவுக்குச்சி கிடையாது. ஆயில் 40 டிகிரி வாக்கில் இருக்கும்போது, இன்ஜின் ஓட ஓட, அடியிலுள்ள ஒரு மூடியைத் திறக்க வேண்டும். நூலாக ஒழுகி, பிறகு சொட்டுச் சொட்டாக மாறினால் அளவு சரி. சூடு அதிகமானாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு. வெளியே ஜூலை மாத மூடுபனி, எதிர்க்கடை தெரியவில்லை. மேஸ்திரி மல்லாந்து படுத்து, தொட்டியின் வயிற்றில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கிடந்தார். “குழந்தையைக் குளிப்பாட்டற சூடு வரட்டும் சார்.” இருபது நிமிஷம் ஆனது. கையை எடுத்தார், மூடியைத் திறந்தார். நூல். நூல். சொட்டு.

சோதனை ஓட்டத்துக்குப் பர்லியார் வரை இறங்கி, உடனே ஏறினோம். நான் ஓட்ட, அவர் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்பதாவது வளைவு. வண்டி ஒன்றுக்கு இறங்கி உறுமியது. தற்செயலாகக் கீழே பார்த்தேன். மேஸ்திரியின் இடது கால் வெறுந்தரையை அமுக்கிக்கொண்டிருந்தது. என்னுடையதும்தான்.

குன்னூர் வந்ததும் கண்ணைத் திறந்தார். “சோழநாடு கெட்டியா இருக்கு சார்” என்றார். கதவைத் திறந்து இறங்கியவர், மறுபடி குனிந்து தலையை உள்ளே நீட்டினார்.

“ரெண்டுல இருந்து மூணு மாறறப்ப லேசா ஒரு உதறல் இருக்கு, கவனிச்சீங்களா? அது பாண்டிய நாடு.”