துடைப்பம் மட்டும் நகராட்சிக்கு

தீபாவளியன்று காலை 6 மணிக்குப் பட்டாசுத் திரி கொளுத்தினால் பண்டிகை. 7 மணி தாண்டிக் கொளுத்தினால் குற்றம். இரவு 7 மணிக்கு அந்தக் குற்றம் மறுபடி பண்டிகையாகி, 8 மணிக்குத் திரும்பவும் குற்றமாகிவிடும். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கொடுத்தது இரண்டு மணி நேரம். அதை இட்லியைப் பிட்டது போல இரண்டாகப் பிட்டுக் கொடுத்தது தமிழக அரசு. சரவெடிக்கும் அதே தீர்ப்பில் தடை. அதனாலென்ன? திண்டிவனத்தில் தலைவரின் கார் வந்து நிற்கும்போதும், விழுப்புரத்தில் சாவு ஊர்வலம் மயானத்துக்குத் திரும்பும்போதும் வெடிப்பது சரவெடியா? சேச்சே, அது மரியாதை.

இந்தக் கூத்தில் நகராட்சிக்கு என்ன வேடம்? கடை உரிமத்துக்கு 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம். கையெழுத்து மாவட்ட நிர்வாகத்துடையது. தீயணைப்புத் துறை சான்று தரும், போலீஸ் வழக்குப் போடும். வார்டு ஜனம் ஓட்டுப் போட்டு அனுப்பிய கவுன்சிலரை இதில் யார் கேட்கிறார்கள்? விடிந்ததும் தெருவை அடைத்துக் கிடக்கும் காகிதக் குப்பை மட்டும் முழுசாக நகராட்சிக்கே. வேண்டாம் என்று சொல்ல வாய் கிடையாது, வாரிக் கொட்டக் கை உண்டு.

சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகள் மிரளும் என்று ஊரே பல பத்தாண்டுகளாக வெடிப்பதில்லை. எந்த ஆபீஸ் முத்திரையையும் அவர்கள் எதிர்பார்க்கவில்லை. அங்கே கொக்குக்கு இருக்கிற பாதுகாப்பு இங்கே ஒரு பிள்ளைக்கு இல்லை.

2021 அக்டோபர் 26. 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த சங்கராபுரத்தில், பட்டாசு வைத்திருந்த கடை எரிந்து ஆட்கள் கருகினார்கள். ஒன்பதாம் நாள், நவம்பர் 4, தீபாவளி. நாட்டு வெடி மூட்டையோடு ஒரு ஸ்கூட்டர். அதில் அப்பாவும் ஏழு வயது மகனும். விழுப்புரம் மாவட்டக் கோட்டக்குப்பத்தில் மூட்டை வெடித்தது. இருவரும் செத்தார்கள். அது மத்தியான நேரம். அரசாங்கக் கடிகாரப்படி அந்த மூட்டைக்கு வெடிக்க அனுமதியே இல்லை!

ஆயிரம் கையெழுத்து கடைக்கு. மூட்டையைக் காலடியில் வைத்துக்கொண்டு போகிறவனை நிறுத்த ஒரு கை இல்லை.

அடுத்த வருஷ தீபாவளிக்கும் அறிவிப்பு தவறாமல் வந்தது: காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8.