கூலிக்கு ஒரு மாவீரன்

1973இல் மார்வெல் காமிக்ஸில் லூக் கேஜ் என்ற சூப்பர் ஹீரோ, வரவேண்டிய இருநூறு டாலர் பாக்கியை வசூல் செய்ய வெளிநாட்டுக்குப் பறந்து போனார். கேலிக்காகச் சொல்லவில்லை, கதையே அதுதான். ஹார்லெமில் வளர்ந்த கறுப்பர். தோல் எஃகைப் போன்றது. சுட்டால் குண்டுதான் நசுங்கும். அவருக்கு வேலை கொடுத்தவர் லாட்வேரியா நாட்டின் சர்வாதிகாரி டாக்டர் டூம். வேலை முடிந்தது, கூலி வரவில்லை. கேஜ் ஃபென்டாஸ்டிக் ஃபோர் குழுவிடம் வானூர்தியை இரவல் வாங்கிக்கொண்டு லாட்வேரியாவில் போய் இறங்கினார். போன இடத்தில் அந்தச் சர்வாதிகாரியின் உயிரையும் காப்பாற்றினார். பிறகு இருநூறு டாலரை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்.

அதே மார்வெல் உலகத்தில் அயர்ன் மேனுக்கு ஆயுதக் கம்பெனி உண்டு. தோருக்கு சொர்க்கமே சொந்தம். ஸ்பைடர் மேன் ஏழைதான், வாடகைக்குத் திண்டாடுவார். ஆனாலும் நியூயார்க்கைக் காப்பாற்றிய கையோடு யாரிடமும் பில்லை நீட்டியதில்லை. கறுப்பர் உலகத்தைக் காப்பாற்றினால் மட்டும் அது தினக்கூலி. 1972 ஜூனில் தொடங்கிய அந்த இதழின் பெயரே ‘ஹீரோ ஃபார் ஹயர்’. தனக்கென்று தனி இதழ் பெற்ற முதல் கறுப்பு சூப்பர் ஹீரோ என்று காமிக்ஸ் வரலாறு அவரைக் கொண்டாடுகிறது. கொண்டாட வேண்டியதுதான். சட்டப்படி அடிமை முறை ஒழிந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. இப்போது காசு கொடுத்தே வேலை வாங்கினார்கள். அந்த வளர்ச்சியை மறந்துவிடக் கூடாது என்றோ என்னவோ, அவர் இடுப்பில் பெல்ட்டுக்குப் பதிலாகக் கனத்த சங்கிலி ஒன்றைச் சுற்றிவிட்டிருந்தார்கள்.

சரி, எஃகுத் தோல் எப்படி வந்தது? செய்யாத குற்றத்துக்குச் சிறை. சிறைக்குள் ஒரு மருத்துவர் கைதிகளை வைத்துப் பரிசோதனை நடத்துகிறார். சீக்கிரம் விடுதலை கிடைக்கும் என்ற ஆசையில் கேஜ் சம்மதிக்கிறார். அவரைக் கொல்வதற்காக ஓர் இனவெறிக் காவலாளி கருவியைத் திருகிவிட, தோல் எஃகாகிறது. எழுதியவர் ஆர்ச்சி குட்வின், வரைந்தவர் ஜார்ஜ் டஸ்கா. இருவரும் வெள்ளையர்கள், நல்லெண்ணத்துக்கும் குறைவில்லை.

அந்த முதல் இதழ் வந்த அதே கோடையில், 1972 ஜூலை 25 அன்று, அலபாமாவின் டஸ்கிகி பற்றிய செய்தி வெளியானது. 1932 முதல் நாற்பது ஆண்டுகள் அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறை சுமார் 600 கறுப்பு ஆண்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தியிருந்தது. அவர்களில் 399 பேருக்கு சிஃபிலிஸ். நோய் என்னவென்று அவர்களிடம் சொல்லவில்லை. பெனிசிலின் கண்டுபிடிக்கப்பட்டு, ஊரெல்லாம் அந்த நோய்க்குக் கொடுக்கப்பட்ட பிறகும் இவர்களுக்குக் கொடுக்கவில்லை. நோய் முற்றினால் உடம்பு என்னவாகும் என்று பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தார்கள். செத்தவர்களை அறுத்துப் பார்த்தார்கள். காமிக்ஸில் மருத்துவர் கறுப்பரின் உடம்பில் கைவைத்தால் எஃகு. அலபாமாவில் கைவைத்தால் பிணம்.

இந்த இரண்டையும் ஒரே காகிதத்தில் கொண்டுவர மார்வெலுக்கு முப்பது ஆண்டுகள் பிடித்தன. 2003இல் ராபர்ட் மொராலெஸ் எழுதி கைல் பேக்கர் வரைந்த ‘ட்ரூத்’ வந்தது. கேப்டன் அமெரிக்காவைப் படைத்த மருந்தை முதலில் கறுப்புச் சிப்பாய்களின் உடம்பில் ஏற்றிப் பார்த்தார்கள் என்பது கதை. பெரும்பாலோர் செத்தார்கள். மிஞ்சியவர் ஐசையா பிராட்லி. அந்தக் கேப்டனின் சீருடையை அவர் ஒருமுறை அணிந்துகொண்டு போருக்குப் போனார். வென்று திரும்பியவருக்குப் பதக்கம் இல்லை, சிறை. குற்றம்? கேப்டன் அமெரிக்காவின் உடுப்பைத் திருடியது! இந்தக் கதை வருகிறது என்றவுடன் ரசிகர் கூட்டத்தில் ஒரு பகுதி கொதித்தது. அந்தக் கொதிப்பு டஸ்கிகியில் செத்தவர்களுக்காக அல்ல. காகிதத்தில் பிறந்த ஒரு வெள்ளைக்காரரின் பிறப்புக் கதையில் கறை விழுந்துவிட்டதாம்.

கறுப்பு முகத்தை அச்சில் ஏற்றுவதே அந்த நாட்டில் பெரும்பாடாக இருந்தது. 1947இல் ஃபிலடெல்ஃபியா பத்திரிகையாளர் ஆரின் எவன்ஸ் ‘ஆல் நீக்ரோ காமிக்ஸ்’ என்று ஓர் இதழ் கொண்டுவந்தார். எழுதியவர்கள், வரைந்தவர்கள் எல்லோரும் கறுப்பர்கள். விலை 15 சென்ட். இரண்டாம் இதழ் தயாரானபோது அவருக்கு அச்சுக் காகிதம் விற்க வியாபாரிகள் மறுத்துவிட்டார்கள். தணிக்கை இல்லை, தடை இல்லை, வழக்கு இல்லை; காகிதம் இல்லை, அவ்வளவுதான். எவ்வளவு நாகரிகமான கொலை!

1956இல் இ.சி. காமிக்ஸ் தன் பழைய கதை ஒன்றை மறுபடி அச்சிட முயன்றது. ஆரஞ்சு ரோபோக்களும் நீல ரோபோக்களும் பிரிந்து வாழும் ஒரு கோளுக்கு பூமியிலிருந்து ஆய்வாளர் வருகிறார். இந்தப் பாகுபாடு இருக்கும்வரை அண்டக் குடியரசில் உங்களுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறார். கடைசிக் கட்டத்தில் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். கறுப்பர். நெற்றியில் வியர்வைத் துளிகள். தணிக்கை அதிகாரி சார்ல்ஸ் மர்ஃபி அந்த முகத்தை எடுக்கச் சொன்னார். பதிப்பாளர் கோர்ட்டுக்குப் போவேன் என்று மிரட்டியதும் இறங்கி வந்து, வியர்வையையாவது எடுங்கள் என்றாராம். ஒரு துளியும் எடுக்காமல் அச்சிட்டார்கள். இ.சி. வெளியிட்ட கடைசி காமிக்ஸ் இதழ் அது. கறுப்பர் விண்வெளிக்குப் போகலாம், வியர்க்கக் கூடாது! வயலில் இருநூற்றைம்பது ஆண்டுகள் சிந்திய வியர்வைக்கு மட்டும் எந்தத் தணிக்கையும் இருந்ததில்லை.

1963இல் மார்வெலின் ‘சார்ஜென்ட் ஃபியூரி’யில் கேப் ஜோன்ஸ் என்ற கறுப்புச் சிப்பாய் அறிமுகமானபோது, வண்ணப் பிரிவில் இருந்தவர்கள் ஏதோ பிழை என்று நினைத்து அவருக்கு வெள்ளைத் தோல் பூசி அச்சிட்டுவிட்டார்கள். 1966இல் பதின்ம வயதுப் பையனாக இருந்த எழுத்தாளர் ஜிம் ஷூட்டர், தன் ஃபெர்ரோ லேட் பாத்திரத்தின் இரும்பு முகமூடிக்குள் கறுப்பு முகம் இருக்கட்டும் என்றார். டிசி காமிக்ஸ் நிறுவனத்தின் ஆசிரியர் மறுத்தார். தென் மாநிலங்களில் இதழ் விற்காதாம். முகமூடி போட்டவன்தானே என்றுகூட விட்டுவைக்கவில்லை.

இத்தனைக்கும் சிகரம் ‘பிளாக் பாம்பர்’. எழுபதுகளில் டிசி நிறுவனம் தன் முதல் கறுப்பு நாயகனுக்குத் தனி இதழ் தர முடிவு செய்தது. தயாராகியிருந்த கதை இது: ஒரு வெள்ளை இனவெறியர். வியட்நாம் போரில் ஏதோ ரசாயனப் பரிசோதனைக்கு ஆளானதால், நெருக்கடி வரும்போதெல்லாம் கறுப்பு சூப்பர் ஹீரோவாக மாறிவிடுவார். நெருக்கடி தீர்ந்ததும் மறுபடி வெள்ளையராகிவிடுவார்; தான் காப்பாற்றியது கறுப்பரை என்று தெரிந்தால் வருந்துவார். இதைப் படித்துப் பார்த்து, நல்லது, அச்சுக்கு அனுப்பலாம் என்று ஓர் அலுவலகம் உட்கார்ந்து யோசித்திருக்கிறது! இதைச் சரிசெய்து தரச் சொல்லி எழுத்தாளர் டோனி இசபெல்லாவைக் கூப்பிட்டார்கள். சரிசெய்ய இதில் எதுவும் இல்லை என்று வாதாடி அதைக் குப்பையில் போட வைத்து, அதற்குப் பதிலாக 1977இல் அவர் உருவாக்கியதுதான் ‘பிளாக் லைட்னிங்’. பள்ளி ஆசிரியர், மின்னல் சக்தி. ஆனால் முகமூடியோடு சேர்த்து ஆஃப்ரோ முடி விக் ஒன்றையும் மாட்டிவிட்டார்கள். கறுப்பர் மாறுவேடம் போடக் கறுப்பரின் தலைமுடியையே விக்காக மாட்ட வேண்டியிருந்தது.

அதற்கும் முன்னால், 1970இல், லோயிஸ் லேன் என்ற வெள்ளைப் பத்திரிகையாளர் சூப்பர்மேனின் எந்திரத்துக்குள் புகுந்து ஒரு நாள் மட்டும் கறுப்புப் பெண்ணாக மாறினார். டாக்சி நிற்கவில்லை, அவமானப்பட்டார், அனுபவம் பெற்றார், திரும்பினார். எந்திரம் கைவசம் இருப்பவர்களுக்கு இனம் ஒரு நாள் சுற்றுலா.

டைராக்கையும் சொல்லிவிடுகிறேன். டிசியின் முப்பதாம் நூற்றாண்டுக் கதைகளில் எல்லாக் கோள்களிலிருந்தும் இளைஞர்கள் வந்து சேரும் வீரர் படை ஒன்று உண்டு. பச்சைத் தோல், நீலத் தோல், ஆரஞ்சுத் தோல், எல்லாம் உண்டு. கறுப்பர் மட்டும் இல்லை. ஏன் இல்லை என்று வாசகர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1976இல் விடை வந்தது: கறுப்பர்கள் எல்லோரும் மார்சல் என்ற தனித்தீவில் தாங்களாகவே ஒதுங்கி வாழ்கிறார்களாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு அப்பால் மனிதன் ஒளியைவிட வேகமாகப் பறக்கிறான். சேரி மட்டும் இருந்த இடத்தில் இருக்கிறது, பழியும் சேரிக்காரர்கள் மேலேயே. அங்கிருந்து வந்த முதல் நாயகனான டைராக்குக்கு என்ன சக்தி கொடுத்தார்கள் தெரியுமா? கத்துவது. கத்தினால் ஏதேதோ நடக்கும். இதை வரைந்த மைக் கிரெல்லே பின்னாளில் வெட்கப்பட்டுப் பேசியிருக்கிறார்.

மாண்ட்ரேக் வாசித்து வளர்ந்த தமிழர்களுக்கு லொதாரைத் தெரியும். 1934இல் லீ ஃபாக் படைத்தவர். ஆப்பிரிக்க இளவரசர். சிம்மாசனத்தை உதறிவிட்டு, ஒரு வெள்ளை மந்திரவாதியின் பின்னால் சிறுத்தைத் தோலைச் சுற்றிக்கொண்டு கொச்சை ஆங்கிலம் பேசித் திரிந்தார். நெடுங்காலம் கழித்துத்தான் அவருக்கு முழுச்சட்டையும் முழு வாக்கியமும் கிடைத்தன. அந்த வழியில்தான் ஃபால்கன் வந்தார். 1969இல் கேப்டன் அமெரிக்காவின் தோழராக அறிமுகமான சாம் வில்சன், ஹார்லெமில் சமூகப் பணி செய்யும் கண்ணியமான மனிதர். வாசகர்கள் நேசித்தார்கள். ஆறு ஆண்டுகள் கழித்து 1975இல் ஒரு திருப்பம் எழுதினார்கள்: சாம் உண்மையில் ‘ஸ்னாப்’ வில்சன் என்ற தெருப் பொறுக்கி, ரெட் ஸ்கல் என்ற நாஜி வில்லன்தான் மந்திரக் கனசதுரத்தைக் கொண்டு அவரை நல்லவராக மாற்றி வைத்தான். ஒரு கறுப்பர் இயல்பாகவே நல்லவராக இருக்கிறார் என்பதை இவர்களால் ஆறு ஆண்டுகளுக்கு மேல் பொறுக்க முடியவில்லை. அந்த நற்குணத்துக்கு ஒரு காரணம் தேடினார்கள். கிடைத்தவர் ஒரு நாஜி.

சாவிலும் ஒரு முறை உண்டு. 2006இல் மார்வெலின் ‘சிவில் வார்’ கதையில் வீரர்கள் இரு அணியாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்கள். போரின் கொடுமையை உணர்த்த யாராவது சாக வேண்டும். கேப்டன் அமெரிக்காவும் அயர்ன் மேனும் எதிரெதிரே நிற்க, நெஞ்சில் ஓட்டை விழுந்து செத்தவர் பில் ஃபாஸ்டர், ஒரு காலத்தில் ‘பிளாக் கோலியாத்’ என்ற பெயரில் ஐந்தே இதழ்கள் ஓடி நின்றுபோனவர். ராட்சத உருவத்திலேயே செத்ததால் உடலைச் சுருக்க முடியவில்லை. தார்ப்பாய் போன்ற துணியில் சுற்றிச் சங்கிலியால் கட்டிப் புதைத்தார்கள். மறுபடியும் சங்கிலி. 2016இல் ‘சிவில் வார் 2’ வந்தபோது துக்கத்தைத் தொடங்கி வைக்கச் செத்தவர் ஜேம்ஸ் ரோட்ஸ். அவரும் கறுப்பர். வெள்ளை நாயகர்களுக்கு மனம் கனக்க வேண்டுமானால் கறுப்புப் பிணம் ஒன்று வேண்டும். அது கதை இலக்கணம் ஆகிவிட்டது.

பேனா கைமாறிய இடங்களில் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1989இல் மார்வெலில் இருந்த டுவெய்ன் மெக்டஃபி, அங்கே கறுப்புப் பையன்கள் வரிசையாக ஸ்கேட்போர்டில் வந்து இறங்குவதைப் பார்த்து, ஸ்கேட்போர்டில் திரியும் நீக்ரோ நிஞ்சாக்கள் என்று நையாண்டியாக ஒரு தொடருக்குத் திட்டம் எழுதி ஆசிரியர் குழுவுக்கே அனுப்பினார். பிறகு நண்பர்களோடு வெளியேறி 1993இல் மைல்ஸ்டோன் நிறுவனத்தைத் தொடங்கினார். அவர்களுடைய ‘ஐகான்’ பணக்கார, பழமைவாதக் கறுப்பு வக்கீல். 1839இல் அமெரிக்கத் தெற்கில் விழுந்த விண்கலத்திலிருந்து வந்து, ஓர் அடிமைப் பெண்ணின் கையில் வளர்ந்த வேற்றுக்கோளினர். அவரை வீட்டிலிருந்து வெளியே இழுத்து வந்து வீரராக்குபவள் சேரியில் வளர்ந்த ராக்கெல் என்ற பெண். இருவரும் கறுப்பர்கள், இருவருக்கும் எதிலும் ஒத்துப்போகாது, இதழ் முழுக்கச் சண்டை. கதையில் ஒரே ஒரு கறுப்பர் இருந்தால் அவர் தலையில் ஓர் இனத்தின் சுமையே ஏறும். பத்துப் பேர் இருந்தால் ஒருவர் முட்டாளாகவும் இருக்கலாம், ஒருவர் கஞ்சனாகவும் இருக்கலாம். அந்தச் சுதந்திரம் நான்கு ஆண்டுகள் நீடித்தது. 1997இல் காமிக்ஸ் நின்றுபோனது.

பிறகு வந்தது பன்முகத்தன்மைக் காலம். 2011இல் மைல்ஸ் மொராலெஸ் ஸ்பைடர் மேன் ஆனார், பீட்டர் பார்க்கர் செத்த பிறகு. 2014இல் சாம் வில்சன் கேப்டன் அமெரிக்கா ஆனார், ஸ்டீவ் ரோஜர்ஸ் கிழவரான பிறகு. ரோட்ஸ் 1983இலேயே அயர்ன் மேன் கவசத்தை மாட்டியிருந்தார், டோனி ஸ்டார்க் குடித்துக் கிடந்தபோது. மூத்தவர் எழுந்து வரும்வரை நாற்காலியைச் சூடாக வைத்திருக்கும் வேலை இது. நாற்காலி ஒருபோதும் இவர்கள் பெயரில் பதிவாகாது.

2016இல் டா-நஹேசி கோட்ஸ் எழுதிய, வகாண்டா என்ற கற்பனை ஆப்பிரிக்க நாட்டின் மன்னரைப் பற்றிய ‘பிளாக் பேந்தர்’ அமோகமாக விற்றது. அந்த உற்சாகத்தில் அதே ஆண்டு ‘வேர்ல்ட் ஆஃப் வகாண்டா’ தொடங்கியது. எழுதியவர்கள் ரோக்சேன் கே, யோனா ஹார்வி. மார்வெலுக்குத் தொடர் எழுதிய முதல் கறுப்புப் பெண்கள் இவர்களே. நிறுவனம் முதல் காமிக்ஸ் போட்டது 1939இல். எழுபத்தேழு ஆண்டுகள் தேடியிருக்கிறார்கள், பாவம், அகப்படவில்லை. ஆறாவது இதழோடு 2017இல் தொடரை நிறுத்தினார்கள். கோட்ஸும் ஹார்வியும் சேர்ந்து எழுதிய இன்னொரு தொடரும் அதே ஆண்டு ஆறு இதழ்களில் முடிந்தது. அந்த வருடம்தான் மார்வெலின் விற்பனைத் துணைத் தலைவர், ஜனங்களுக்குப் பன்முகத்தன்மை வேண்டாம் என்று கடைக்காரர்கள் சொல்வதாகச் சொன்னார். எதிர்ப்பு வந்ததும் விளக்கமும் சொன்னார்.

2018 பிப்ரவரியில் ‘பிளாக் பேந்தர்’ படம் வெளியாகி உலகெங்கும் 130 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. திரையரங்கிலிருந்து வெளியே வந்து வகாண்டாவின் பெண்களைப் பற்றிப் படிக்கலாம் என்று காமிக்ஸ் கடைக்குப் போன சிறுமிக்கு அந்த மாதம் வாங்க ‘வேர்ல்ட் ஆஃப் வகாண்டா’வின் புதிய இதழ் எதுவும் இல்லை. அதே ஆண்டு ஜூலையில் காமிக்ஸ் உலகின் பெரிய விருதான ஐஸ்னர் விருது, மார்வெல் நிறுத்திய அந்தத் தொடருக்குக் கிடைத்தது. எந்தப் பிரிவில் என்று கேட்டுக்கொள்ளுங்கள்: சிறந்த குறுந்தொடர்.