உள்ளிருந்து திறந்த கதவு

கேள்வி: வளரும் நாடுகள் உருப்படாமல் போவதற்கு வெளிநாட்டுச் சதிதானே காரணம்? (வாசகர், பூச்சோங்)

பதில்: பாதிதான் உண்மை. ஊழலில் சிக்கிய நம் மலேசிய அரசு முதலீட்டு நிறுவனம் 1எம்டிபியையே பாருங்கள். 2012, 2013-இல் அமெரிக்க வங்கியான கோல்ட்மேன் சாக்ஸ் அதற்கு 650 கோடி அமெரிக்க டாலர் கடன் திரட்டிக் கொடுத்தது. இந்த வேலைக்கு வாங்கிய கட்டணம் சுமார் 60 கோடி டாலர். பகல் கொள்ளை! ஆனால் கதவை உள்ளிருந்து திறந்துவிட்டது யார்? அப்போது பிரதமர், நிதியமைச்சர், 1எம்டிபி ஆலோசனைக் குழுத் தலைவர், மூன்றும் நஜிப் ரசாக்கே. பிறகு யார் யாரைக் கேட்பது? கேள்வி எழுப்பிய துணைப் பிரதமர் முஹிடின் யாசின் 2015 ஜூலையில் பதவி இழந்தார். 1எம்டிபி பற்றிய தணிக்கை அறிக்கையை 2016-இல் அரசாங்க ரகசியமாக்கிப் பூட்டினார்கள். 2018 மே மாதம் மக்கள் ஆட்சியை மாற்றிய பிறகே அது வெளியே வந்தது. அந்நியனைத் தாராளமாகத் திட்டுங்கள். கூடவே உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கணக்கும் கேளுங்கள்.