தலையில் மாட்டிய லோகோ

டிசைன் படிப்பில் சேர்ந்தால் மற்றவர்களின் தோல்விகளைத்தான் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது. 2010 அக்டோபரில் கேப் கம்பெனி தன் லோகோவை மாற்றியது. இணையத்தில் ஊரே சேர்ந்து மொத்தியது. ஒரே வாரத்தில் பழைய லோகோ திரும்பி வந்தது. வகுப்பில் இதை ஏதோ உலக யுத்தம் மாதிரி ஸ்லைடு போட்டுக் காட்டுகிறார்கள். வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளான எங்களுக்குக் கொட்டாவி வருகிறது. 1806-ல் எங்கள் ஊரில் ரீபிராண்டிங் சொதப்பியபோது கோட்டையே கைமாறியது.

கிளையண்ட்: கிழக்கிந்தியக் கம்பெனி, மதராஸ் கிளை. கிரியேட்டிவ் ஹெட்: தலைமைத் தளபதி சர் ஜான் கிராடக். இந்தியாவுக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. வந்த இடத்தில் ஒவ்வொரு படைப்பிரிவும் ஒவ்வொரு வழக்கத்தில் நடப்பதைப் பார்த்தவருக்குக் கை அரித்திருக்கிறது. உடனே ஒரு ‘பிராண்ட் கைட்லைன்’ தயாரானது. அக்னியூ, பியர்ஸ் என்று இரண்டு அதிகாரிகள் டீம். அதில் பதினோராம் பிரிவு, பத்தாம் பத்தியை டிசைன் கல்லூரிகளில் பாடமாகவே வைக்கலாம். சிப்பாய் நெற்றியில் சாதிக்குறி இடக்கூடாது. சீருடையில் இருக்கும்போது கடுக்கன் கூடாது. தாடையை மழுங்கச் சிரைக்க வேண்டும். மேலுதட்டு மயிரின் அளவும் வடிவமும் கூடுமானவரை எல்லாருக்கும் ஒன்றுபோல இருக்க வேண்டும். மீசைக்கு டெம்ப்ளேட் போட்ட ஒரே ஏஜென்சி உலகத்தில் இதுவாகத்தான் இருக்கும். இத்தனையையும் கவர்னர் வில்லியம் பெண்டிங்க் அங்கீகரித்தார். குறிப்பிட்ட அந்தப் பத்தி அவர் கண்ணில் படவே இல்லை. நிபந்தனைகளைப் படிக்காமல் ‘ஒப்புக்கொள்கிறேன்’ பட்டனை அமுக்கும் வழக்கம் நாம் நினைப்பதைவிடப் பழையது.

இதற்கெல்லாம் மகுடமாக வந்தது புதுத் தலைப்பாகை. பேர்தான் தலைப்பாகை, பார்வைக்கு வெள்ளைக்காரன் தொப்பி. அதன் முகப்பில் தோலில் செய்த ஒரு சின்னம்.

என்ன தோல்?

ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் எவரிடம் ஒரு தோல்துண்டை நீட்டினாலும் முதலில் வரும் கேள்வி அது. எங்கள் பக்கத்து டேனரியில் தரம் பிரிக்கும் பெரியவர் ஒருவர் பதிலுக்குக் காத்திருக்கவே மாட்டார். துண்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிப்பார். மயிர்த்துளைகள் மூன்று மூன்றாகக் கூடி நின்றால் பன்றி. சின்னச் சின்னத் துளைகள் நெருக்கமாக, சீராகப் பரவியிருந்தால் மாடு. அப்புறம் மறுபக்கம் திருப்பிக் கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு. இவ்வளவுதான் பரிசோதனை. செலவு, ஒரு டீ. வேலூர்க் கோட்டையில் இருந்தவர்கள் இந்துக்களும் முஸ்லிம்களும். முதலாமவருக்கு மாடு ஆகாது, இரண்டாமவருக்குப் பன்றி ஆகாது. நாள் முழுக்க நெற்றிக்கு மேலே சுமக்கப்போகிற ஆளிடம் ‘இது இன்ன தோலப்பா’ என்று சொல்ல மதராஸில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சொல்லாமல் விட்ட இடத்தை ஊர் நிரப்பிக்கொண்டது. 1806-ல் வாட்ஸ்அப் இல்லை, ஃபார்வர்டு இருந்தது. புது உப்பை இரண்டு குவியலாகக் கொட்டி, ஒன்றில் பன்றி ரத்தமும் மற்றதில் பசு ரத்தமும் தெளித்து, நாடு முழுக்க விற்க அனுப்பிவிட்டார்களாம் என்று ஒரு வதந்தி. சிப்பாயின் மார்பில் தொங்கிய திருகுளி உண்மையில் சிலுவையாம் என்று இன்னொன்று. அது துப்பாக்கியைக் கழற்றி மாட்டும் சாதாரணக் கருவி. இன்றைக்கு யாராவது ஒரு லோகோவைப் பெரிதாக்கி, சிவப்பு வட்டம் போட்டு, ‘உற்றுப் பாருங்கள் மக்களே’ என்று பதிவிடுகிறார்களே, அந்தப் பரம்பரையின் மூத்த உறுப்பினர் யாரோ அன்று வேலூரில் இருந்திருக்கிறார். வதந்திகள் பொய். ஆனால் அவை எதைப் பற்றிப் பயந்தனவோ அந்தத் தலைப்பாகை நிஜம். பிராண்ட் ஆட்களுக்கு இந்த நுணுக்கம் இன்றுவரை புரிவதில்லை. வதந்திக்கு மறுப்பு எழுதுவார்கள், தொப்பியைக் கழற்ற மாட்டார்கள்.

மே மாதம் ஒரு பட்டாலியன் தொப்பியை அணிய மறுத்தது. வாடிக்கையாளர் சேவைப் பிரிவு சுறுசுறுப்பாக இயங்கியது: 21 பேர் கைது. ஒரு இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் ஆளுக்கு 900 கசையடி. மத நல்லிணக்கத்தைக் கம்பெனி கடைப்பிடித்த இடம் இது ஒன்றுதான். மற்ற 19 பேருக்கு 500 அடி என்று தீர்ப்பெழுதி, மன்னிப்புக் கேட்டதும் விட்டார்கள்.

ஜூன் 17-ம் தேதி முஸ்தபா பேக் என்ற சிப்பாய் கர்னல் ஃபோர்ப்ஸிடம் நேரில் போய், ‘பெரிதாக ஏதோ வரப்போகிறது துரை’ என்று எச்சரித்தார். கர்னல் என்ன செய்தார்? விசாரிக்க இந்திய அதிகாரிகள் கொண்ட கமிட்டி போட்டார். கமிட்டியில் சதிக்கு உடந்தையானவர்களே இருந்தார்கள். ‘இவனுக்குப் பைத்தியம்’ என்று அறிக்கை கொடுத்தார்கள். பேக் சிறைக்குப் போனார். புகாரை யார்மேல் சொன்னோமோ அவர் மேஜைக்கே அது போய்ச் சேரும் அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. பேக்குக்குப் பின்னாளில் கம்பெனி சன்மானம் கொடுத்தது. தெளிந்துவிட்டது என்று எண்ணியிருப்பார்கள்.

ஜூலை 10 விடியுமுன் கோட்டை வெடித்தது. கோட்டைக் காவல் தளபதி ஃபேன்கோர்ட் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட ஐரோப்பியர்கள் மாண்டார்கள். அங்கே காவலில் இருந்த திப்பு குடும்பத்தின் புலிக்கொடி ஏறியது. பழைய லோகோ திரும்பி வந்தது என்று எழுதக் கை துடிக்கிறது. ஆனால் அடுத்து நடந்தது சிரிக்கிற விஷயமில்லை. ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்தார், பின்னாலேயே பீரங்கி வந்தது, பகலுக்குள் எல்லாம் முடிந்தது. செத்த சிப்பாய்கள் ஐரோப்பியர்களைவிடப் பல மடங்கு. அவர்களில் சுமார் நூறு பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள்.

அதன் பிறகு தலைப்பாகை வாபஸ். சாதிக்குறிக்கும் கடுக்கனுக்கும் அனுமதி. அதாவது, மே மாதமே பைசா செலவில்லாமல் செய்திருக்கக்கூடியது.

கம்பெனி போய்விட்டது, பெயர் போகவில்லை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு எங்கள் தாத்தாக்கள் பதனிட்ட தோலுக்கு இன்று புவிசார் குறியீடு இருக்கிறது. என்ன பெயரில்? ‘ஈ.ஐ. லெதர்’. ஈ.ஐ. என்றால் ஈஸ்ட் இந்தியா. ஆம்பூரில் தைக்கும் ஷூவின் உள்ளேயும் வெளிநாட்டுப் பெயர்தான் அச்சாகிறது. அன்று அவர்கள் பிராண்டை எங்கள் தலையில் மாட்டினார்கள். இன்று அதையே நாங்கள் அவர்கள் காலில் மாட்டி அனுப்புகிறோம். எதைப் பழிவாங்கல் என்று சொல்லலாம், எதை ஏற்றுமதி என்று சொல்லலாம் என்பதை மார்க்கெட்டிங் ஆசிரியர்தான் விளக்க வேண்டும்.

ஊரின் சொந்தப் பெயரில் உலகம் அறிந்தது பிரியாணி ஒன்றுதான். அதற்கும் ஒரு பத்தாம் பத்தி வந்தது. 2022 மே மாதம் மாவட்ட நிர்வாகம் ஆம்பூர் பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டுக்கறி பிரியாணிக்கு மட்டும் இடமில்லை. இந்த முறை ஃபார்வர்டுகள் நிஜமாகவே ஃபோனில் பறந்தன. விளக்கம் கேட்டு எஸ்.சி., எஸ்.டி. ஆணையத்தின் நோட்டீஸும் போனது. விழா தள்ளிவைக்கப்பட்டது. காரணம், மழை. 1806-ல் கிராடக்குக்கு இந்த யோசனை வந்திருந்தால் வேலூர் வெயிலில் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

பெண்டிங்கையும் கிராடக்கையும் 1807-ல் லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது. பெண்டிங்க் 1828-ல் கவர்னர் ஜெனரலாகவே திரும்பி வந்தார். நம் துறையிலும் தோற்ற சி.இ.ஓ.க்கள் அப்படித்தான் வருகிறார்கள். கிராடக் பிரபுவானார், ஆனால் ரீபிராண்டிங் ஆசை விடவில்லை. 1820-ல் தன் குடும்பப் பெயரையே கிராடக்கிலிருந்து காரடாக் என்று மாற்றிக்கொண்டார். வீட்டில் யாரும் மறுத்ததாகத் தகவல் இல்லை.