ஸ்கூட் இயல்: கல்யாண மண்டப ரம்மியில் முதற்கை குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

பதின்மூன்று சீட்டு ரம்மியில் கையைப் பிரித்ததும் எழும் வினா ஒன்றே: ஆடுவதா, ஆடாமலே கையைக் கவிழ்த்து ஸ்கூட் விடுவதா? நம் சமூகம் இதற்கு வழிவழியாக அளித்துவரும் விடை, “வந்தது வரட்டும், ஆடிப் பாப்போம்” என்பது. அவ்விடையை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. களம்

முதல், கரு, உரி மூன்றும் கூறித் தொடங்குதல் மரபு. நிலம், மண்டபத்து மாடியில் மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒதுக்கிய அறை. பெரும்பொழுது, தை, ஆவணி முதலான முகூர்த்த மாதங்கள். சிறுபொழுது, வரவேற்புச் சாப்பாடு முடிந்தது தொட்டு நாதஸ்வரக்காரர் சீவாளியை நனைக்கும் வரை. கருப்பொருள், ஜமக்காளம், இரண்டு சீட்டுக்கட்டு, பிளாஸ்க்கில் காபி, புள்ளி எழுதப் பத்திரிகையின் பின்பக்கம். உரிப்பொருள், ஜோக்கருக்குக் காத்திருத்தலும் காத்திருத்தல் நிமித்தமும். பந்தயம் சில்லறைக் காசுதான். தோற்றவர் முகம் மட்டும் சொத்தை இழந்தவர் முகம்.

3. கணக்கியல்

ஏஸும் படச் சீட்டும் தலா 10 புள்ளி, மற்றவை எண்ணின்படி, ஜோக்கருக்குப் புள்ளி இல்லை. ஓர் இனத்தின் 13 சீட்டையும் கூட்டினால் 94 வரும். ஆகவே சராசரிக் கையின் எடையும் ஏறத்தாழ அதுவே. ஜோக்கர்களைக் கழித்துப் பார்த்தாலும் சராசரி 80-க்குக் கீழே இறங்குவதில்லை. ஒரிஜினல், அதாவது ஜோக்கர் சேராத ஓரினத் தொடர், இல்லாமல் தோற்றவருக்கு எல்லாச் சீட்டும் எண்ணப்படும், உச்சவரம்பு 80, அதன் பெயர் ஃபுல். எனவே சீட்டைத் தொடும் எவரும் பிறவியிலேயே ஃபுல். அதிலிருந்து கடைத்தேறுவதற்கே ஆட்டம்.

101 புள்ளியைத் தொட்டவர் வெளியேறும் 101 ஆட்டத்தில் ஸ்கூட்டுக்கு 20 புள்ளி. ஒரு சீட்டை எடுத்தபின் கவிழ்த்தால் அது மிடில், 40 புள்ளி. அதாவது, ‘அடுத்த சீட்டு என்னவாக இருக்கும்?’ என்ற அறிவு வேட்கையின் விலை 20 புள்ளி. வேறெந்தக் கல்விக்கும் இத்தனை துல்லியமாகக் கட்டணம் நிர்ணயிக்கப்பட்டதில்லை.

4. கை வகை

உத்தமம்: ஒரிஜினல் சேர்ந்தே வந்த கை. ஆராய ஒன்றுமில்லை, முகத்தை மட்டும் காத்துக்கொள்க.

மத்திமம்: ஒரிஜினலுக்கு அகன்ற வழியுள்ள கை. ஆர்ட்டின் 6, 7 இருந்தால் 5-ம் உதவும், 8-ம் உதவும். இரண்டு கட்டிலும் சேர்த்து நான்கு சீட்டு. ஆர்ட்டின் ஏஸும் 2-ம் இருந்தாலோ 3 ஒன்றே கதி. மொத்தம் இரண்டே சீட்டு. அவற்றுள் ஒன்று எதிரே உட்கார்ந்திருக்கும் மாமாவின் கையில் இருக்கும். அவர் அதைக் கடைசிவரை இறக்கமாட்டார்.

அதமம்: மூன்று ராஜா வந்த கை. கற்றுக்குட்டி இதைக் கண்டு பூரித்து, சீட்டை மார்போடு அணைத்துக்கொள்வார். ஒரிஜினல் சேராதவரை அவை மூன்று ராஜாக்கள் அல்ல, முப்பது புள்ளி.

இங்கே ஒரு தடை எழுப்புவர்: “ஜோக்கர் இருக்கிறதே!” இரண்டு கட்டு ஆட்டத்தில், வெட்டிய ஜோக்கரும் அச்சடித்த ஜோக்கரும் சேர்த்துச் சராசரியாகக் கைக்கு ஒன்று வந்தே தீரும். எல்லாருக்கும் வருவதை யோகம் என்று கொள்ளலாகாது. மேலும், ஜோக்கரை ஒட்டவைத்து ஒரிஜினல் சேர்க்க முடியாது.

5. மேற்கோள் ஆட்சி

ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே என்று உச்ச நீதிமன்றம் 1968-இல் கூறியது. விழுந்த சீட்டுகளை நினைவில் கொள்வதற்கும், எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று முடிவெடுப்பதற்கும் திறமை வேண்டும் என்பது அதன் சாரம். ஒரு சீட்டைக் கழிப்பதே திறமையெனில், பதின்மூன்றையும் ஒருசேரக் கழிப்பது பேராற்றல் ஆகாதோ? நீதிமன்றம் இதைச் சொல்லாமல் விட்டது நம் போன்ற உரைகாரர்களுக்கு இடம் வைத்தே எனக் கொள்க.

6. தடைகள்

அறிந்தும் ஸ்கூட் விடாமைக்குக் காரணம் உறவுமுறையே. சீட்டைக் கவிழ்த்த மறுகணம், “என்ன மாப்ள, அதுக்குள்ளயா? உக்காந்து ஆடுங்க!” என்று மாமனார் வழிச் சித்தப்பா ஒருவர் தொடையில் தட்டுவார். புது மாப்பிள்ளைக்கு அத்தட்டலை மீறும் துணிவு ஏது? கவிழ்த்ததைத் திரும்ப எடுப்பார், கட்டிலிருந்து ஒரு சீட்டை உருவுவார், கிளாவர் ராணி. ஆறு சுற்றில் ஃபுல். புள்ளி எழுதும்போது அதே சித்தப்பா, “அந்தக் கையை யாராவது ஆடுவாங்களா?” என்பார்.

7. முடிபு

ஒரிஜினலுக்கு அகன்ற வழியும் இல்லை, இரண்டாவது ஜோக்கரும் இல்லை என்றால், கட்டைத் தொடுமுன் கவிழ்த்துவிடுக. ஒரு ஃபுல்லின் விலைக்கு நான்கு ஸ்கூட் விடலாம். நடுவே பந்திக்கும் போய்வரலாம். ஆயினும் இக்கொள்கைக்கும் எல்லை உண்டு. 101 ஆட்டத்தில் ஐந்து ஸ்கூட்டுக்கு 100 புள்ளி. ஆறாவது விட்டால் ஆள் அவுட்.