வன்னித் தண்ணீரில் சீனப் பச்சைத் தேயிலை: ஒரு பூர்வாங்க ஆய்வு

ஆய்வுப் பொருள், கனடாவிலிருந்து வந்த பெரியப்பாவின் பெட்டிக்குள் சொக்கிளேட்டுக்கும் கோடாலித் தைலத்துக்கும் நடுவே கிடந்த ஒரு தகரப் பேணி. உள்ளே லொங்ஜிங், சீனாவின் ஹாங்சோ நகரத்து மேற்கு ஏரிப் பக்கம் விளையும் பச்சைத் தேயிலை. ஆய்வுக்களம், கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு குசினி.

கருதுகோள் இது. சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டோ, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டோ வெறுந்தேத்தண்ணி குடித்து வளர்ந்த சமூகம், பயிற்சி பெறாமலே தேயிலைச் சுவைஞர் சமூகம். இனிப்பையும் தேத்தண்ணியையும் வேறுவேறாக வைத்துக் குடிப்பவருக்குத்தான் நாக்கில் தேயிலை தனியாகப் படும். பாலைக் கலந்து இரண்டையும் கெடுத்துக்கொள்பவர்களை இந்த ஆய்வு கணக்கில் எடுக்கவில்லை.

சுவைத்தலுக்கென்று உலகத்தில் ஒரு சட்டமே இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 3103 என்பது அதன் பெயர். 100 மில்லிலீற்றர் தண்ணீருக்கு 2 கிராம் தேயிலை. கொதிநீர் ஊற்றி 6 நிமிடம். பாத்திரம் வெள்ளைப் பீங்கான். இதற்கு மூலமான பிரித்தானியத் தரக்குறிப்பு ஆறு பக்கம். அந்த ஆறு பக்கத்துக்காக 1999ஆம் ஆண்டு பிரித்தானியத் தர நிறுவனத்துக்கு நகைப்புக்குரிய இக் நோபல் பரிசு கொடுத்தார்கள், அதுவும் இலக்கியத்துக்கு. சிரித்தவர்கள் செத்தவீட்டில் விடிய விடியத் தேத்தண்ணி ஊற்றிப் பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்திருந்தால், அளவு ஏன் தேவையென்று விளங்கியிருக்கும்.

கொழும்புத் தேயிலைச் சுவைஞர்கள் கரண்டியிலிருந்து சத்தமாக உறிஞ்சுவார்கள். காற்றோடு சேர்ந்து மணம் மூக்கின் பின்புறம் போகவேண்டும் என்பதற்காக. எங்கள் வீடுகளில் இதே சத்தத்துக்குப் பிள்ளைகள் ஏச்சு வாங்குகிறார்கள்; அம்மப்பாக்கள் வாங்குவதில்லை. ஆக, தொழில்நுட்பம் கைவசம் உண்டு. சுவைஞர்கள் அடுத்து அதைத் துப்பியும் விடுவார்கள். இந்த விதியை வன்னியில் நடைமுறைப்படுத்த முடியாது. ஊற்றிக்கொடுத்தவரின் முன்னால் துப்பினால் உறவு முறியும்.

சிக்கல் தண்ணீரில் தொடங்குகிறது. எட்டாம் நூற்றாண்டில் தேயிலைக்கென்றே நூல் எழுதிய லூ யூ, மலைநீரை முதலிலும் ஆற்றுநீரை நடுவிலும் கிணற்றுநீரைக் கடைசியிலும் வைத்தார். அவர் காலத்துத் தேயிலை இடித்துக் கட்டியாக்கியது, லொங்ஜிங் அல்ல. ஆனாலும் தண்ணீர் தண்ணீர்தான். வன்னியில் மலைக்கு எங்கே போவது? கனகராயன் ஆறோ நேரே இரணைமடுக் குளத்துக்குள் போய்விடுகிறது. மிச்சம் கிணறு. அதிலும் பூநகரிப் பக்கம் சவர். மற்ற இடங்களில் கல்சியம் கூடிய தண்ணீர், ஆறிய தேத்தண்ணியின் மேலே மெல்லிய ஆடை படரவைக்கும். நல்லவேளையாக லூ யூ ஒரு சலுகை தந்திருக்கிறார்: கிணறுதான் என்றால், பலர் அள்ளும் கிணறாகப் பார்த்து எடு. ஊர்க் கோயில் கிணறு இந்த நிபந்தனையில் சித்தியடைகிறது.

இஞ்சி போட்டுக் காய்ச்சுவதை லூ யூ கடுமையாகக் கண்டித்திருக்கிறார். இந்தப் பகுதியை அம்மம்மாவுக்கு வாசித்துக்காட்டவில்லை. ஆனால் ஒரு சிட்டிகை உப்பை அனுமதித்தார். ஆனையிறவு உப்பளம் எங்கள் மாவட்டத்திலேயே இருக்க, அந்த மனிதர் ஆயிரத்து இருநூறு வருடம் முந்திப் பிறந்து ஏமாந்துபோனார்.

வெப்பமும் ஒழுங்காக அமைந்தது. பச்சைத் தேயிலைக்குக் கொதிநீர் ஆகாது. 80 பாகை போதும், கூடினால் கைக்கும். வெப்பமானி இல்லாத வீட்டில் இதற்குச் சரியான கருவி, மூடி தளர்ந்த பழைய பிளாஸ்க். விடியப்புறம் ஊற்றிவைத்த சுடுதண்ணீர், விருந்தினர் வரும் நேரத்துக்குத் தானாகவே பதத்துக்கு இறங்கியிருக்கும்.

கருதுகோள் உடைந்தது நிறத்தில். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதிலிருந்து இலங்கைத் தேயிலையின் மானம் சாயத்தில்தான் தங்கியிருக்கிறது. கடைக்காரர் டஸ்ட் வாங்குவதும் சாயம் கெதியாக இறங்கும் என்றுதான். லொங்ஜிங்கைச் சூடான தாச்சியில் வறுத்துவிடுவார்கள். அதனால் அது கறுப்பதில்லை, சாயமும் இறங்காது. வெளிறிய மஞ்சள் நீரைக் கையில் வாங்கிய அம்மம்மா கேட்டார்: “என்ன தம்பி, தேத்தண்ணி எண்டு சொல்லிப்போட்டுச் சுடுதண்ணியைத் தாறாய்?” ஒரு மிடறுக்குப் பிறகு, “வறுத்த பயறு மணக்குது” என்றார். உலகத்து நிபுணர்கள் லொங்ஜிங்குக்குச் சொல்லும் அடையாளமும் ஏறத்தாழ அதுவே. மூக்கு சித்தி, கண் பெயில்.

தரம் பார்க்கும் வழி வேறொன்றும் உண்டு, அதுவே மேலானது என்பேன். காய்ந்த இலை தட்டையாக, உடையாமல் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், ஊறிய சக்கையை விரித்துப் பார்ப்பது. நல்ல லொங்ஜிங் ஏப்ரல் தொடக்கத்துச் சிங்மிங் நாளுக்கு முன் பறித்தது. ஊறியதும் மொட்டும் இளம் இலையும் முழுசாக விரியும். டஸ்டில் விரிவதற்கு எதுவுமில்லை.

இதற்கு நிபுணர் தேடி நாங்கள் சீனா போகவேண்டியதில்லை. 1977இல் தமிழர்மீது நடந்த வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் வந்து குடியேறிய குடும்பங்கள் ஏராளம். பக்கத்து வளவில் அப்படியொரு ஆச்சி. இளவயதில் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். கோப்பையைப் பொருட்படுத்தாமல் சக்கையை வாங்கி, உள்ளங்கையில் வைத்து விரலால் ஒவ்வொன்றாகப் பிரித்தார். முத்தல் இருக்கிறதா, காம்பு கிடக்கிறதா என்று பார்த்தார். “கொழுந்து நல்லாத்தான் எடுத்திருக்காங்க” என்று தீர்ப்பு வந்தது. பிறகு கேட்டார்: “அந்த ஊருல ஒரு பேருக்கு எத்தன கிலோ எடுக்கணுமாம்?”

ஒரு கிலோ தேயிலைக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சைக்கொழுந்து வேண்டும் என்று புத்தக அறிவைச் சொன்னேன். அவர் கேட்டது அதையல்ல. ஒரு நாள் முழுப்பேர், அதாவது முழுநாட் கூலி, விழுவதற்கான நிறையை. ஐ.எஸ்.ஓ. 3103இல் அப்படியொரு பந்தி இல்லை.

ஆச்சி சக்கையை ரோசாச்செடியடியில் போட்டுவிட்டு வந்து, லொங்ஜிங்குக்குள் இரண்டு கரண்டி சீனி போட்டுக் கலக்கி, குடித்து முடித்தார்.