மாமரம் சாட்சிக்கு வராது

கே: தாமலசெருவு வியாபாரியிடம் மாந்தோப்புக் காய்ப்பை வாய்ப்பேச்சிலேயே விலை பேசி முடித்தேன். செல்லுமா? (ஒரு வாசகர், பாகாலா)

ப: செல்லும். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் நாக்கையும் நம்புகிறது. ஒப்பந்தம் செய்யத் தகுதியுள்ள இருவரில் ஒருவர் சொல்ல, மற்றவர் மனமொப்பி ஏற்க, இருபக்கமும் கைமாறு இருந்து, நோக்கமும் சட்டபூர்வமாக இருந்தால் போதும். ஆனால் வழக்கு என்று வந்தால் மாமரம் சாட்சிக்கு வராது. எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கே: 17 வயதுப் பையன் பைக் வாங்கக் கடன் பத்திரம் எழுதிக் கொடுத்தால்?

ப: அது பிறக்கும்போதே செல்லாத ஒப்பந்தம். 1903இல் மோகரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் அப்படித்தான் சொன்னது. வட்டிக் கணக்கு போடுமுன் வயதுக் கணக்கு போடவேண்டும்.

கே: ரகத்தை மாற்றிச் சொல்லி, நாற்று விற்று ஏமாற்றிவிட்டார்களே?

ப: மோசடியால் பிறந்த ஒப்பந்தம் தானாகச் சாகாது. ரத்து செய்வதா, வைத்துக்கொள்வதா என்பது ஏமாந்தவர் விருப்பம். ஏமாற்றியவருக்கு அந்தச் சலுகை இல்லை.

கே: தோத்தாபுரி மாங்காய் விலை ஏறும் என்று பந்தயம் கட்டி ஜெயித்தேன். நண்பர் பணம் தரவில்லை. கேஸ் போடலாமா?

ப: பந்தயம் செல்லாது என்கிறது அதே ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவு. கோர்ட்டுக்குப் போனால் வக்கீல் ஃபீஸையும் சேர்த்துத் தோற்பீர்கள்!